உழவு எருதின் கறிக்குள் வெள்ளைக் கோடு வருமா?

கேள்வி: டாக்டர் ஐயா, வணக்கம். புளியந்தோப்பில் அப்பா காலத்திலிருந்து மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறோம். செங்குன்றம் தாண்டி ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. பொய்கைச் சந்தையில் உழவுக்கு ஆகாத வயதான எருதுகள் நாலைந்தை வாங்கிக் கட்டி, மூன்று மாதம் நன்றாகத் தீனி போட்டு அறுக்கலாம் என்று யோசனை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஒரு படம் அனுப்பினார். கறிக்குள்ளேயே வலை மாதிரி வெள்ளைக் கொழுப்பு ஓடுகிறது. அந்த மாதிரி நம் மாட்டில் வருமா? தீவனம் விற்பவர் ஒரு பொடியைக் காட்டி ஒரே மாதத்தில் கொழுப்பு ஏறும் என்கிறார், நம்பலாமா? இன்னொன்று, சில மாட்டில் கொழுப்பு மஞ்சளாக இருந்தால் வாடிக்கையாளர்கள் வாங்க யோசிக்கிறார்கள். அது நோயா?
– வாசகர், சென்னை 12

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் அனுப்பிய படத்தில் உள்ள வலை, பத்து வயது தாண்டிய உழவு எருதில் மூன்று மாதத் தீனியால் வராது. முப்பது மூட்டை மக்காச்சோளம் போட்டாலும் வராது. ஆனால் அந்த மூன்று மாதத்தில் வேறு சில நல்ல பலன்கள் உண்டு, உங்கள் கடைக்கு அவையே போதும் என்பது என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

மாட்டின் உடம்பில் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. முதலில் மூளையும் நரம்பும், அடுத்து எலும்பு, அதற்கடுத்து தசை, கடைசியில்தான் கொழுப்பு. கேம்பிரிட்ஜில் ஜான் ஹேமண்ட் 1930-களில் ஆடுகளை வைத்து இந்த வரிசையை விரிவாக எழுதினார். மாட்டுக்கும் அதே வரிசைதான். கொழுப்பு சேர்வதிலும் ஒரு முறை இருக்கிறது. குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றியும் குடல் சவ்விலும் முதலில் சேரும். பிறகு ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் இடையில். அப்புறம் தோலுக்கு அடியில். தசையின் உள்ளே, நாருக்கும் நாருக்கும் நடுவில் கோடாக ஓடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதனால்தான் குண்டிக்காய் மூழ்கும் அளவுக்குக் கொழுப்பு இருக்கும் மாட்டில்கூட தொடைக்கறியை வெட்டினால் உள்ளே சிவப்பாகவே இருக்கிறது. இதை நீங்கள் என்னைவிட அதிகமாகப் பார்த்திருப்பீர்கள்.

பட்டினி கிடந்தால் இந்தக் கிடங்குகள் காலியாவதற்கும் ஒரு போக்கு உண்டு. தோலடிக் கொழுப்பு சீக்கிரம் கரையும். எலும்பு மஜ்ஜையில் இருப்பது கடைசிவரை நிற்கும். அடுத்த முறை எலும்பும் தோலுமாக வந்த எருதை அறுக்கும்போது நல்லியை உடைத்துப் பாருங்கள். வெண்ணெய் போல் கெட்டியாக இருக்க வேண்டிய மஜ்ஜை, சிவந்த கூழாகத் தளதளவென்று வந்தால், அந்த உயிர் கடைசிச் சேமிப்பையும் செலவழித்துவிட்டது என்று அர்த்தம். இதயத்தின் மேல் பள்ளத்தில் இருக்கும் கொழுப்பும் ஈரமாக, கண்ணாடிபோல் மாறியிருக்கும். அந்த நிலைக்குப் போன மாட்டை வாங்கித் தேற்றிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் உள்ளே வேறு நோய் இருக்கும். சந்தையிலேயே விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். கொழுப்பு என்பது வெறும் நெய்க்கட்டி அல்ல, உயிருள்ள செல்களால் ஆன திசு. ஒவ்வொரு செல்லும் ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீனி அதிகமானால் குடம் நிரம்பிப் பெரிதாகும், தீனி குறைந்தால் வற்றும். ஆனால் எத்தனை குடம் என்ற கணக்கு பெரும்பாலும் இளவயதிலேயே முடிந்துவிடுகிறது. கன்று தாய் வயிற்றில் இருக்கும்போதே, தசைக்குள் இருக்கும் சில மூலச் செல்கள் தசை நாராகப் போவதா, தசையைக் கட்டிப் பிணைக்கும் இணைப்புத் திசுவாகப் போவதா, கொழுப்புச் செல்லாகப் போவதா என்று பிரியத் தொடங்குகின்றன. குண்டிக்காயைச் சுற்றியும் தோலுக்கடியிலும் இந்த எண்ணிக்கை ஏறக்குறைய எட்டு மாத வயதுக்குள் நின்றுவிடும். தசைக்குள் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கும். பதினான்கு மாதத்தில்கூடப் புதுச் செல்கள் உருவாவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலும் பிறந்து சுமார் 250 நாள் வரைதான் அதிக வேகம். அந்தக் காலத்தில் நல்ல பாலும் நல்ல தீனியும் கிடைத்த கன்றுக்குத் தசைக்குள் நிறையச் செல்கள் அமையும். வைக்கோலை மென்றே வளர்ந்து, இரண்டு வயதில் நுகத்தடி ஏறிய எருதுக்கு அது கிடைக்கவில்லை. இன்று நீங்கள் கொட்டும் தீனி, இருக்கும் சில செல்களை நிரப்பும். இல்லாத செல்களை உருவாக்காது.

படத்தில் இருப்பது ஜப்பானியக் கருப்பு மாடு என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு காலத்தில் நெல் வயலில் உழைத்த மாடுதான். ஆனால் பிறகு பல பத்தாண்டுகளாக, தசைக்குள் கொழுப்பு ஓடும் வம்சத்தையே தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்தார்கள். அதன் ஆண் கன்றைக் காயடித்து, ஏறக்குறைய பத்து மாத வயதில் கட்டித் தீனியைத் தொடங்கி, முப்பது மாதம் ஆகும்வரை தானியத் தீனியில் வைக்கிறார்கள். முதுகுத்தசையில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் கொழுப்பு சேரும். அங்கே அதற்கென்றே ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மதிப்பெண் போடுகிறார்கள். நம் காங்கேயமும் உம்பளாச்சேரியும் இழுவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட திமில் மாடுகள். அவற்றின் தசைக்குள் கொழுப்பு குறைவாக இருப்பது குறையே இல்லை. நம் வெயிலில் வேலை செய்யும் உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஜப்பானிய முறையில் ஒரு பகுதி எனக்கு உடன்பாடில்லை. வைட்டமின் ஏ குறைந்தால் தசைக்குள் கொழுப்புச் செல் பெருகுவது கூடும் என்பதால், நடுவில் பல மாதங்கள் அந்த வைட்டமினை வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்கிறார்கள். அளவு தவறினால் மாட்டுக்கு மாலைக்கண் வரும், மூட்டு வீங்கும், சில மாடுகளுக்குப் பார்வையே போய்விடும். ஒரு தட்டுக் கறியின் அழகுக்காக ஒரு உயிரின் கண்ணை எடுப்பதை ஒரு கால்நடை மருத்துவனாக என்னால் ஏற்க முடியாது. யாராவது இணையத்தில் பார்த்துவிட்டு உங்களுக்கு இதைச் சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படியானால் இளங்கன்றாகவே வாங்கி வளர்த்தால் என்ன என்று உங்களுக்கு உடனே தோன்றும். அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, உழைக்கவும் இனவிருத்திக்கும் தகுதியில்லை என்றோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ உரிய அதிகாரி எழுத்துச் சான்று தந்தால்தான் அறுக்கலாம். எருமைக்கும் அதேதான். பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாது என்று 1976-இல் அரசாணை இருக்கிறது. ஆகவே உங்கள் கொட்டகைக்கு வருவது வயதான எருதும் எருமையும் மட்டுமே. திட்டத்தை அதை வைத்தே போடுங்கள். சந்தையில் வாங்கும்போதே ரசீது, வண்டியில் ஏற்றுவதற்கான மருத்துவச் சான்று இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நம் எருதும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வரும். திமில்! அதை மேலிருந்து கீழாக வெட்டாமல் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சிவப்பு நாருக்கு நடுவே வெள்ளை இழை ஓடியிருக்கும். பிரேசிலில் திமில் மாடுகளின் இந்தத் துண்டைத் தனியாக எடுத்து, பல மணி நேரம் மெல்லிய தணலில் சுட்டு, நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கே அதைச் சாதாரணக் கறியோடு கலந்து கொத்தி விடுகிறோம். நிறைய நேரம் வேக வேண்டும், ஆனால் ருசி அலாதி. மூன்று மாதம் தீனி தின்ற எருதில் அது இன்னும் நன்றாக நிரம்பியிருக்கும். தனித் துண்டாக விற்றுப் பாருங்கள்.

சரி, மூன்று மாதத்தில் என்னதான் கிடைக்கும்? இளைத்த எருதுக்கு முதலில் குடல் நிரம்பும். முதல் இரண்டு வாரத்தில் எடை ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், அதில் பெரும்பங்கு வயிற்றில் இருக்கும் தீனியும் தண்ணீரும்தான். பிறகு வற்றிய தசை திரும்பும். அதற்கப்புறம் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. உங்கள் லாபக் கணக்கு திரும்பும் இடம் அதுதான். ஒரு கிலோ சிவப்புக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பில் தண்ணீர் மிகக் குறைவு, அதில் அடங்கும் சக்தி கறியைப் போல ஆறேழு மடங்கு. அதை ஏற்றத் தீனியும் அந்த அளவுக்குச் செலவாகும். இளைத்த மாட்டுக்கு 60 நாள், மிஞ்சினால் 90 நாள். அதற்கு மேல் கட்டி வைத்தால், குண்டிக்காய்க் கொழுப்பை மக்காச்சோள விலைக்கு வாங்குவதாகிவிடும்.

எடைக்குத் தராசு வேண்டும் என்பதில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உயிர் எடை கிலோவில் வரும். 62 அங்குலச் சுற்றும் 50 அங்குல நீளமும் உள்ள எருது ஏறத்தாழ 290 கிலோ. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். கையாலும் பாருங்கள். கடைசி விலா எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எலும்பு உடனே தட்டுப்படக் கூடாது, கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டும். வால் அடியின் இரு பக்கமும் உள்ள குழி மூடத் தொடங்கும். காயடித்த எருதில் விதைப்பை இருந்த இடம் நிரம்பித் தொங்கும். இவை வந்துவிட்டால் தோலடிக் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்துவிட்டது. அறுப்பதற்கு அதுதான் சமயம்.

தீனி விஷயத்தில் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அவசரப்படாதீர்கள். வைக்கோலை வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகப் புளிக்கவைத்து, பெரும்பாலும் அசிட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தானிய மாவுச்சத்திலிருந்து புரோப்பியானிக் அமிலம் அதிகம் வரும். அதை ஈரல் குளுக்கோஸாக மாற்றும். தோலடிக் கொழுப்புக்கு அந்த அசிட்டிக் அமிலமே போதும், தசைக்குள் இருக்கும் கொழுப்பு குளுக்கோஸைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எனவே தானியம் வேண்டும்தான். ஆனால் இத்தனை வருடம் வைக்கோல் தின்ற வயிற்றுக்கு ஒரே நாளில் தானியத்தைக் கொட்டினால் உள்ளே லாக்டிக் அமிலம் பொங்கிவிடும். பொங்கல் முடிந்த மறுநாள் ஒவ்வொரு வருடமும் கால்நடை மருத்துவமனைகளில் இதைப் பார்க்கிறோம். மாடு தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், கண் உள்ளே போயிருக்கும். சாணம் சாம்பல் நிறத்தில் தண்ணீராக, புளித்த வாடையோடு, செரிக்காத அரிசி தெரியப் போகும். பல மாடுகள் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் ஈரலில் சீழ்க்கட்டி வரும், அறுக்கும்போது அந்த ஈரலைக் கழித்துப் போட வேண்டியதுதான். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறும் சாம்பாரும் இலவசமாகக் கிடைக்கிறது என்று வண்டி நிறைய யாராவது கொண்டு வந்தால், கொட்டகைக்குள் விடாதீர்கள்.

மாடு வந்ததும் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள், உண்ணி பாருங்கள், வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பல் தேய்ந்து ஆடும் எருது எவ்வளவு தீனி போட்டாலும் மெல்லாது. முதல் வாரம் வைக்கோலோடு ஒரு கிலோ கலப்புத் தீவனம் போதும். மூன்று வாரத்தில் படிப்படியாக, 300 கிலோ எருதுக்கு மூன்றரை, நான்கு கிலோ வரை போகலாம், காலை மாலை எனப் பிரித்து. உடைத்த மக்காச்சோளம் நாற்பது பங்கு, தவிடு முப்பது, கடலை அல்லது எள்ளுப் புண்ணாக்கு இருபத்தைந்து, மீதிக்குத் தாது உப்புக் கலவையும் உப்பும் கொஞ்சம் சமையல் சோடாவும். மக்காச்சோளத்தை மாவாக அரைக்காதீர்கள், ரவைக்கும் பெரிய நொய்யாக உடையுங்கள். மாவு வேகமாகப் புளிக்கும். வைக்கோலோ சோளத்தட்டோ எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும், மாடு அசைபோட்டால்தான் எச்சில் ஊறி அமிலம் தணியும். சித்திரை, வைகாசியில் தொடங்காதீர்கள். நம் வெயிலில் மாடு தீனியைக் குறைத்துவிடும். ஐப்பசி மழையில் கொட்டகைத் தரை சேறாகாமல் பார்த்துக்கொண்டு, கார்த்திகையில் கட்டினால் மாசியில் முடிக்கலாம்.

பொடி விஷயம்: ஒரே மாதத்தில் கொழுப்பு ஏற்றும் பொடி எதுவும் கிடையாது. தாது உப்பாக இருந்தால் பெயரும் அளவும் சிப்பத்தில் அச்சாகி இருக்கும். அச்சில்லாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் உடம்பில் தண்ணீர் தேங்கி மாடு கொழுகொழுவென்று தெரியும், உள்ளே தசை கரையும், கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், மருந்து கறியில் தங்கிச் சாப்பிடுபவர்களுக்கும் போகும். உங்கள் கடையில் வாங்கிப் போகிறவர்கள் தெரு முழுக்கத் தெரிந்த குடும்பங்கள். தொடாதீர்கள்.

மஞ்சள் கொழுப்பு நோயில்லை, பெரும்பாலும். பச்சைப் புல்லில் இருக்கும் கரோட்டின் என்ற மஞ்சள் நிறமி, வருடக்கணக்கில் மேய்ந்த மாட்டின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் அதன் கொழுப்பும் வெண்மை, பாலும் வெண்மை. வைக்கோலும் கலப்புத் தீவனமுமாக இரண்டு மூன்று மாதம் போனால் எருதின் கொழுப்பும் கணிசமாக வெளுக்கும். நீங்கள் செய்யப்போகும் வேலையில் கண்ணுக்குத் தெரியும் முதல் லாபம் இதுதான். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொழுப்பு மட்டும் மஞ்சளாக இருந்தால் பயமில்லை. கண்ணின் வெள்ளை, தசைநாண், பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் இவையும் மஞ்சளாக இருந்தால் அது காமாலை. உண்ணி பரப்பும் ரத்த நோய்களில் அப்படி வரும். அதை விற்கக் கூடாது, அறுப்புக் கூடத்தில் இருக்கும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கறி மென்மையாக இருப்பதற்கு வெள்ளைக் கோடு ஒரு சின்னக் காரணம்தான். வயதான எருதின் கறி கடினமாக இருப்பது இணைப்புத் திசு முறுகிப்போனதால். நல்ல தீனியில் தசை மறுபடி வளரும்போது புது இணைப்புத் திசுவும் சேர்கிறது, அது சீக்கிரம் வெந்து கரையும், ஆகவே கறி கொஞ்சம் மென்மையாகும். அதைவிடப் பெரிய காரணம், நாம் விடியற்காலையில் அறுத்து, சூடு ஆறுவதற்குள் விற்றுவிடுகிறோம். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கும். அந்த விறைப்பு தளர்ந்து, தசையில் இருக்கும் நொதிகள் நாரை அறுக்கக் குளிரில் நாட்கள் வேண்டும். தோலடிக் கொழுப்புப் போர்வை உள்ள உடல் மெதுவாகக் குளிரும், குளிரில் நார் சுருங்கிக் கடினமாவதும் குறையும். உங்கள் மூன்று மாதத் தீனி இங்கே நன்றாகக் கைகொடுக்கும். முதல் எருதை அறுக்கும்போது ஒரு பக்கத் தொடையை வழக்கம்போல் விற்றுவிட்டு, மறுபக்கத் தொடையைச் சுத்தமான குளிர்ப்பெட்டியில், நான்கு டிகிரிக்கு மேல் போகாமல், ஐந்து நாள் தொங்கவிடுங்கள். முதல் தொடையிலிருந்து ஒரு கிலோவை அன்றே பிரியாணி மாஸ்டரிடம் கொடுத்து வேகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆறாம் நாள் இரண்டாவதிலிருந்து ஒரு கிலோ, அதே சட்டி, அதே அடுப்பு. இரண்டு நேரத்தையும் எனக்கு எழுதுங்கள். அடுத்த எருதுக்கு எத்தனை நாள் தீனி, எத்தனை நாள் குளிர் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.